முதல் ஈட்டில் போட்ட கொட்டை

அருளுக்கு,

போனை எடுக்காமல் இருந்தால் அம்மா கத்திக் கத்தி ஓய்ந்துபோவாள் என்று நினைத்தாயா? வாட்ஸ்அப்பில் நான் அனுப்பியதையெல்லாம் நீ பார்த்தாய் என்று நீல டிக் காட்டுகிறது. பார்த்துவிட்டுப் பதில் போடாத பிள்ளைக்கு இனி விரலால் தட்டிப் பிரயோஜனமில்லை என்றுதான் பேனாவை எடுத்தேன். இதை நான் ஒட்டி அனுப்பவில்லை என்பதையும் கவனி. உன் அப்பா படித்தார், தனபால் அண்ணன் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார், மற்றக் கடைக்காரர்களும் படித்தார்கள். எல்லோர் கையிலும் பட்ட பிறகுதான் உன் கைக்கு வருகிறது. ஊர் பார்த்துவிட்டதே என்று உனக்குக் கூச்சமாக இருந்தால், கூசட்டும்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை உங்கள் காப்பிக் கம்பெனிகளின் ஆராய்ச்சிக் கூட்டமைப்பு அந்தப் பெரிய ஓட்டலில் கூடுகிறது. அந்தப் புது ரகச் செடிக்கு இனிச் செலவு செய்ய வேண்டாம், மலையில் போட்ட சோதனைத் தோட்டங்களை விட்டுவிடலாம் என்று அன்று கை தூக்கப் போகிறார்கள். கை தூக்கக் காரணம் நீ எழுதிக் கொடுத்த அறிக்கை. அந்த அறிக்கை தப்பு. தப்பு என்று உனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறாய். இவ்வளவுதான் விஷயம், இனி நான் எழுதுவதெல்லாம் என் வயிற்றெரிச்சல்.

நீ இந்த வேலையில் சேர்ந்த புதிதில் எங்கள் முன்னால் வந்து நின்றாயே, அதை நினைத்துப் பார். தண்டையார்பேட்டையில் தனபால் அண்ணன் கடை மாடியில் சாக்கு மூட்டைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு எங்களை உட்கார வைத்தாய். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று காப்பித்தூள் அரைக்கிற ஆறு கடைக்காரர்கள். எதிரே பார்த்துக்கொண்டால் சரக்கு எங்கே வாங்கினோம் என்று வாய் தவறிக்கூடச் சொல்லாத ஆட்கள். நீ சொன்னாய், இன்ஸ்டன்ட் தூள் செய்கிறவர்கள், ஏற்றுமதி செய்கிறவர்கள், பெரிய பெரிய பிராண்டுக்காரர்கள், கடையில் ஒருவனை ஒருவன் கவிழ்க்கப் பார்க்கிறவர்கள் எல்லோரும் ஆராய்ச்சிக்கு மட்டும் சேர்ந்து செலவு செய்கிறார்கள் என்று. மழை நேரத்துக்குப் பெய்வதில்லை, வெயில் ஏறிக்கொண்டே போகிறது, இலையில் துரு நோய் விழுந்து மரம் மொட்டையாகிறது என்றெல்லாம் விளக்கிவிட்டு, "கொட்டையே வரலன்னா அப்பால யார் பிராண்டு ஜெயிச்சி இன்னா ஆவப்போவுது? போட்டியெல்லாம் மார்க்கெட்ல வச்சிக்கலாம். செடிகிட்ட வாணாம்" என்று கேட்டாய். தனபால் அண்ணன் அந்த வயதிலும் விரலை மடக்கி விசில் அடித்தார். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூட்டைத் தூசி என்று உன் அப்பாவிடம் சொன்னேன்.

சின்னக் கடைகளுக்கும் அதில் இடம் வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கியது நீதான். பால் ஊற்றி, சிக்கரி கலந்து, நுரை தள்ள ஆற்றிக் குடிக்கிறவர்களின் நாக்குதான் இந்த ஊரில் அதிகம், அந்த நாக்கைக் கேட்காமல் ஒரு ரகம் நல்லதா கெட்டதா என்று எப்படிச் சொல்வது என்று அந்தப் பெரிய மனிதர்களிடமே கேட்டாயாம். அதற்காக உன்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினோம். எங்கள் ஆறு கடைக்கும் சேர்த்து அந்தக் கூட்டத்தில் ஒரு நாற்காலி கொடுத்தார்கள். அதில் நான்தான் உட்கார வேண்டும் என்று கடைக்காரர்கள் ஒரே குரலாகச் சொன்னார்கள். நான் ஒரு தடவைகூடப் போகவில்லை. என் பிள்ளை அங்கே இருக்கும்போது நான் வேறு எதற்கு, கடையைப் பார்க்கலாம் என்று இருந்துவிட்டேன். அந்த நினைப்பில் மண்ணை அள்ளிப் போட்டாய்.

நம் தொழில் தெரியாதவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். காலையில் வறுக்கிற மிஷினின் டிரம் ஆறிக் கிடக்கும். எவ்வளவு நேரம் சூடேற்றினாலும், அதில் முதலில் கொட்டுகிற கொட்டை சரியாக வறுபடாது. மேலே நிறம் பிடிக்கும், உள்ளே பச்சை வாடை நிற்கும். அதனால் முதல் ஈடு என்கிற இந்த முதல் வறுவலை எங்கள் தெருக்களில் யாரும் விற்பதில்லை. கொஞ்சமாகப் போட்டு வறுத்து, அரைத்து, சிக்கரியைத் தாராளமாகச் சேர்த்து, வாசலில் அண்டா வைத்து, துறைமுகத்துக்கு லோடு ஏற்றப் போகிறவர்களுக்கும் கன்டெய்னர் லாரிக்காரர்களுக்கும் சும்மா கொடுத்துவிடுவோம். உன் தாத்தா தெற்கிலிருந்து வந்து இங்கே கடை போட்டபோது ஆரம்பித்த பழக்கம். இந்தக் கடைக்காரர்களில் பாதிப் பேர் அவரிடம் தொழில் கற்றவர்கள், மீதிப் பேர் அவர்களிடம் கற்றவர்கள். விற்கிற சரக்கு இரண்டாம் ஈட்டிலிருந்து, விற்காத சரக்கு முதல் ஈட்டில். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதுகூடக் கிடையாது, கை அதுவாகவே செய்யும். காசில்லாமல் குடிக்கிறவர்களும் குறை சொல்வதில்லை. லோடு ஏற்றுகிற ஏழுமலையைக் கேட்டால், "ஓசில குட்ச்சிட்டு வாசனை வேற பாக்கணுமாக்கா?" என்பான்.

இப்போது உன் சாம்பிளுக்கு வருகிறேன். மலையில் அந்தப் புது ரகம் முதல் தடவையாகக் காய்த்து, கொட்டை உலர்ந்து, அழகாகப் பையில் கட்டி ஆறு கடைக்கும் வந்தது. பையின் மேலேயே 'விற்பனைக்கு அல்ல' என்று அச்சடித்திருந்தீர்கள். விற்பனைக்கு இல்லாத கொட்டை எங்கள் கடைகளில் எந்த ஈட்டில் போகும்? முதல் ஈட்டில்தான் போனது. ஒரு கடையில் இல்லை, ஆறு கடையிலும். பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்ததோ எங்கள் வழக்கமான கொட்டை, நன்றாகச் சூடேறிய டிரம்மில் வறுத்தது. வாடிக்கைக்காரர்களைக் கூப்பிட்டு இரண்டையும் குடிக்கச் சொன்னோம். மார்க்கெட் தெரு சரோஜா ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னாக்கா இது, சோளத்தட்டைய வேவவச்சி எறக்கின மாரி கீது?" என்று டம்ளரைத் தள்ளி வைத்தாள். மற்றவர்கள் சொன்னதும் அதேதான். உள்ளதை உள்ளபடி எழுதி உன்னிடம் கொடுத்தோம்.

தப்பு எங்களுடையதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் நீ கொடுத்த தாளில் எவ்வளவு சூடு, எத்தனை நிமிடம், என்ன நிறம் என்றெல்லாம் போட்டிருந்தாய், எந்த ஈடு என்று போடவில்லை. வேறு ஊர்க்காரன் எழுதியிருந்தால் அவனுக்கு என்ன தெரியும் என்று விட்டிருப்பேன். அந்த அண்டா பக்கத்தில் உட்கார்ந்துதானே நீ ப்ளஸ் டூவுக்குப் படித்தாய்? எங்கள் ஆறு பேருக்கும் தோன்றவில்லை, உனக்கும் தோன்றவில்லை. சரி, மனுஷர்கள்தானே. இதற்காக நான் உன்மேல் கோபப்படவே இல்லை. கோபம் அதற்கப்புறம்தான் வந்தது.

போன மாதம் உன் அப்பா கோடவுனைச் சுத்தம் பண்ணும்போது அந்தப் பைகளில் இரண்டு மிச்சம் இருந்தது. ஒன்றைப் பிரித்தார். தூக்கிப் போட மனசில்லாமல், சாயங்காலம் கடைசி ஈடு இறக்கிய சூட்டோடு டிரம்மில் கொட்டினார். நான் கல்லாவில் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு வாசனை வந்தது பார், நான் எழுந்து உள்ளே போய் "இன்னா போட்ட?" என்று கேட்டேன். அதற்குள் ஏழுமலை சைக்கிளைச் சாய்த்துவிட்டு வாசலில் நிற்கிறான். "யாருக்குக்கா கல்யாணம்? வாசனை மெயின் ரோட்டாண்ட வருது" என்றான். அரைத்து ஒரு டம்ளர் போட்டுக் கொடுத்தேன். குடித்தவன் என்னை முறைத்தான். "இத்தினி வருசமா எங்களுக்கு இன்னாத்தக்கா ஊத்தினு இருந்த நீ?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அடுத்த நிமிஷமே அந்தச் சாம்பிளை முதல் ஈட்டில் போட்டது உறைத்தது. தனபால் அண்ணனுக்குப் போன் போட்டேன். "அண்ணே, அருளு குட்த்த சாம்பிள எந்த ஈட்டுல போட்ட?" என்றேன். "இன்னா கேள்விம்மா இது, மொத ஈட்டுலதான்" என்றார். கடைசி ஈட்டில் போட்டதும் வந்த வாசனையைச் சொன்னேன். "அய்யய்யோ" என்றார். ஒவ்வொரு கடைக்கும் கேட்டோம். ஒவ்வொருவரும் அதே அய்யய்யோவைப் போட்டார்கள்.

உன்னைக் கூப்பிட்டேன், ஞாயிற்றுக்கிழமை வந்தாய். வஞ்சிரம் வாங்கி வறுத்து வைத்திருந்தேன், நீ சாப்பிடும் முன்னே காப்பியைத்தான் கையில் கொடுத்தேன், பொறுக்க முடியாமல். ஒரு வாய் குடித்தாய். டம்ளரை வைத்தாய். மறுபடி எடுத்துக் குடித்தாய். உன் முகம் மாறியது. சந்தோஷத்தில் மாறுகிறது என்று நினைத்து நான் அசடு மாதிரிச் சிரித்தேன். நீ எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாய். நம் வீட்டில் பகலில் யார் கதவைச் சாத்தியிருக்கிறார்கள்? "அம்மா, இத யார்கிட்டயும் சொல்லாத" என்றாய்.

நீ சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. "ரிப்போர்ட் போய் எல்லாரும் ஒத்துக்கிட்டாங்கம்மா. இப்பப் போய் இப்படின்னு சொன்னா, சின்னக் கடைங்கள நம்பினதே தப்புன்னு முடிச்சிடுவாங்க. உங்க நாற்காலி போயிடும். உங்கள யாரும் கேவலமாப் பேசக்கூடாதுன்னுதான் சொல்றேன்." அப்போ அந்தச் செடி என்ன ஆகும் என்று கேட்டேன். "வேற ரகம் வரும்மா" என்றாய், பஸ்ஸைத் தவறவிட்டவனுக்குச் சொல்கிற மாதிரி. அந்த அறிக்கையைப் பாராட்டித்தான் உனக்குப் பெங்களூர் ஆபீசில் பெரிய பதவி கிடைத்திருக்கிறது என்பதைக் கடைசியில், கை கழுவும்போது சொன்னாய். மீனை நீ தொடவே இல்லை.

எங்கள் நல்லதுக்காம்! யாருடா உன்னிடம் கேட்டது? நாங்கள் செய்த தப்பை மூடு என்று எங்களில் யார் உன் காலில் விழுந்தோம்? ஆறு கடைக்காரர்களும் "எங்க தப்பு, நாங்களே வந்து சொல்றோம்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் போய் நின்று திரை போடுகிறாயே, அது மரியாதையா? ஒருவர் செய்த தப்பை அவரைக் கேட்காமல் மூடி மறைத்தால், அவருக்கு அதைச் சொல்லக்கூடத் தெம்பில்லை என்று நீயே முடிவு கட்டுகிறாய் என்றுதான் அர்த்தம். வேலையில் உயர உயரக் கீழே இருக்கிறவர்களை இப்படிக் காப்பாற்றத் தோன்றும். தோன்றும்போதெல்லாம் முதலில் அவர்களிடம் ஒரு வார்த்தை கேள். இதை நான் கோபத்தில் சொன்னாலும் புத்திமதியாகவே எடுத்துக்கொள்.

நீ செருப்பை மாட்டும்போது உன் அப்பா மெதுவாக ஒன்று கேட்டார். "உங்க ஆபீஸ்ல இது நம்ம கடைன்னு தெரியுமாடா?" நீ குனிந்தபடியே, "அத சொல்ல வேண்டிய அவசியம் வரலப்பா" என்றாய். சோதனையில் சேர்ந்த கடைகளில் ஒன்று சொந்தக் கடை என்றால் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியது, தொழில் முறைக்கே அதுதான் சரி. அது ஒரு பக்கம். வேலைக்குச் சேர்ந்த இத்தனை நாளில் ஒரு தடவைகூட "எங்க கடை" என்று உன் வாயில் வரவில்லையா? என்ன, வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தாய்? உன் அப்பா திரும்பிவிட்டார். உள்ளே போய், நின்றுகொண்டிருந்த மிஷினைத் துணி வைத்துத் துடைத்தார். எனக்கு உன்னை அறைய வேண்டும் போலிருந்தது. நீ அதற்குள் ஆட்டோவில் ஏறிவிட்டாய்.

மிஷினைத் துடைத்த அந்த மனிதர் யார் என்று உனக்கு மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், ஹார்பர் பக்கத்துக் கோடவுனில் நம் கொட்டை மூட்டைக்குப் பக்கத்திலேயே எவனோ கருவாட்டுத் தூள் மூட்டையை அடுக்கிவிட்டான். காப்பிக்கொட்டை பக்கத்தில் இருக்கிற வாடையையெல்லாம் இழுத்துக்கொள்ளும். ஜலதோஷத்தில் இருந்த உன் அப்பாவுக்கு வறுக்கும்போது தெரியவில்லை. மறுநாள் மூக்குத் திறந்ததும் தெரிந்தது. யாரும் வந்து புகார் சொல்லவில்லை. சொல்லியிருக்கவும் மாட்டார்கள், காசிமேட்டு மீன்வாடைக் காற்றில் அந்த வாடையைத் தனியாகப் பிரிக்க முடியுமா? ஆனாலும் சாக்பீஸ் எடுத்து வாசல் பலகையில், 'நேற்று வாங்கிய தூளில் எங்கள் தவறு. திருப்பிக் கொண்டுவந்து நல்ல தூள் வாங்கிச் செல்லவும்' என்று எழுதி வைத்தார். பாதி காலி செய்த பொட்டலத்தோடெல்லாம் வந்தார்கள். ஒரு அம்மா மட்டும், "என்துல நல்லாதான் கீது, நா இன்னாத்துக்குக் குட்க்கணும்?" என்று சண்டைக்கு வந்தார். அவரிடமும் கெஞ்சி வாங்கினார். அன்றைக்கு நம் பெயர் கெட்டுப்போகும் என்று எனக்கு ஒரே பயம், அவரோடு சண்டைகூடப் போட்டேன். கெடவில்லை. அந்த அம்மா வீட்டில் இன்றுவரை நம் தூள்தான்.

உன் படிப்பை நான் குறைத்துப் பேசுகிறேன் என்று நினைக்காதே. டிரம்மின் சூடு எங்களுக்குத் தெரியும், அவ்வளவுதான். அந்தத் துரு நோய் எப்படிப் பரவுகிறது, எந்தச் செடியை எந்தச் செடியோடு சேர்த்தால் தாங்கும், மழை தவறினாலும் எது காய்க்கும் என்பதெல்லாம் நீங்கள் படித்துக் கண்டுபிடித்தது. அது இல்லாமல் எங்கள் மிஷின் வெறும் இரும்பு. இரண்டும் ஒரு இடத்தில் வந்து உட்கார வேண்டும் என்றுதானே கம்பெனிக்காரர்கள், விவசாயிகள், கடைக்காரர்கள் என்று எல்லோரையும் சேர்த்தீர்கள்? சேர்ந்து செய்கிற வேலையில் ஒருவன் தப்பு எல்லோர் கணக்கிலும் ஏறும். அதனால்தான் அதை உடனே சொல்லிவிட வேண்டும். நல்ல ரகம் என்று எழுது என்றும் நான் உன்னைக் கேட்கவில்லை. மறுபடி கொட்டை அனுப்பு, சூடான டிரம்மில் வறுக்கிறோம், ஊர் குடித்துப் பார்க்கட்டும். தேறவில்லை என்றால் தேறவில்லை என்று எழுது, நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். நியாயமாகத் தோற்கட்டும். எங்கள் முதல் ஈட்டால் தோற்கக்கூடாது.

இனி எனக்குத் தூக்கத்தைக் கெடுத்த விஷயத்தைச் சொல்கிறேன். வெள்ளையனைத் தெரியும்தானே? ஏற்காடு மலையில் உன் சோதனைச் செடியை நட்டவர். வீட்டைச் சுற்றி இருந்த பழைய காப்பி மரங்களை நீ கேட்டாய் என்று வெட்டிவிட்டு, புதுசை நட்டு, அது காய்க்கிற வரைக்கும் மிளகையும் கூலி வேலையையும் வைத்துக் காலம் தள்ளியவர். அறிக்கை போன பிறகு ஒரு நாள், மகளை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் காட்ட வந்தவர், அருள் தம்பி வீட்டுக் கடை என்று விசாரித்துக்கொண்டு ராயபுரம் வந்தார். பார், மலையில் இருக்கிற மனிதருக்கு இது உன் வீட்டுக் கடை என்று தெரிந்திருக்கிறது. பழுத்த கொய்யா ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்தார். காப்பி கொடுத்தேன், ஊதி ஊதிக் குடித்தார். அப்புறம் தயங்கித் தயங்கிக் கேட்டார். "நம்ம கொட்டை உங்க மிஷின்ல வந்துச்சுங்களாமே அம்மிணி. எப்படிங்க இருந்துச்சு?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வாசனை வரலிங்க. குடிக்கிறவங்களுக்குப் பிடிக்கல" என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன். அன்றைக்கு எனக்கு அதுதான் உண்மை. அவர் தலையை ஆட்டினார். "தம்பி நல்லா வரும்னாப்ல" என்று மட்டும் சொன்னார், உன்னைக் குறையாகக்கூட இல்லை, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி. கொய்யாவைக் கொட்டிவிட்டுக் காலிப் பையை நீவி மடித்தார். அந்த மகள் கடைவாசலில் நின்று ரோட்டில் போகிற கன்டெய்னர் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கொட்டை எப்படிப்பட்ட கொட்டை என்று இப்போது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும், ஏழுமலைக்குத் தெரியும். தன் மண்ணில் விளைவித்தவருக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை நீங்கள் கை தூக்கியதும், இனிக் கொட்டையை எடுத்துக்கொள்ள ஆளில்லை என்று சொல்லி அனுப்புவீர்கள், அவர் அதையும் வெட்டுவார். ஒரே மனிதர் உன் பேச்சைக் கேட்டு இரண்டு தடவை மரத்தை வெட்ட வேண்டுமா? நீ பெங்களூரில் கண்ணாடி ரூமில் உட்கார்ந்திருக்கும்போது அந்தச் சத்தம் உனக்குக் கேட்காது. எனக்கு இங்கேயே கேட்கிறது.

நேற்று வெள்ளையனுக்கு நானே போன் பண்ணினேன். சிக்னல் இல்லாத ஊர், நாலைந்து தடவை அறுந்து அறுந்து கிடைத்தது. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். முதல் ஈடு என்றால் என்ன என்று விளக்கிச் சொல்லி, எங்கள் தப்புக்கு மன்னிப்பும் கேட்டேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "அப்ப கொட்டை நல்ல கொட்டைதானுங்களா?" என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். நல்ல கொட்டைதான், மரத்தில் கை வைக்காதீர்கள், வெள்ளிக்கிழமை கூட்டத்தில் இதைச் சொல்லிவிடுவோம் என்றேன். "யாருங்க சொல்வாங்க, நீங்களா?" என்று கேட்டார். கொஞ்சம் தடுமாறினேன் அருள். அப்புறம், "உங்க தம்பிதான் சொல்வான்" என்றேன்.

ஆகவே கேட்டுக்கொள். வெள்ளிக்கிழமை காலையில் மிச்சமிருக்கிற அந்த ஒரு பைக் கொட்டையை உன் அப்பா வறுக்கப் போகிறார். முதல் ஈடு வழக்கம்போல ஏழுமலைக்கு, இரண்டாம் ஈடு கடைக்கு, மூன்றாம் ஈட்டில் உன் செடி. டிகாக்ஷனையும் பாலையும் தனித்தனி பிளாஸ்கில் எடுத்துக்கொண்டு நானும் தனபால் அண்ணனும் பாரிஸ் கார்னர் போய் பஸ் மாறி அந்த ஓட்டலுக்கு வருகிறோம். அவர் இஸ்திரி போட்ட சட்டையை இன்றைக்கே ஆணியில் மாட்டிவிட்டார். வாசலில் நிறுத்தினால், ஆறு கடைக்கும் உள்ளே ஒரு நாற்காலி இருக்கிறது என்று சொல்வேன். நீ சண்டை போட்டு எனக்கு வாங்கித் தந்த நாற்காலி அது. இந்தத் தடவை அதில் நான் உட்காருவேன்.

நீ எழுந்து பேசினால் நான் உட்கார்ந்தே இருப்பேன். உன்னை யாராவது கடிந்து பேசினாலும் வாய் திறக்கமாட்டேன். பெங்களூர் வேலை போனாலும் போகட்டும், உனக்கு வேலை கொடுக்க இந்த ஊரில் ஆள் இல்லாமல் போய்விடவில்லை. நீ பேசாவிட்டால் நான் எழுந்து நிற்பேன். அங்கே இருக்கிறவர்கள் யார் இந்தம்மா என்று உன்னைத்தான் கேட்பார்கள். அதற்கு என்ன பதில் சொல்லலாம் என்று இப்போதே யோசித்து வை.

சாப்பிடாமல் வராதே, வெறும் வயிற்றில் உனக்கு எப்போதும் வார்த்தை குழறும். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால், "எங்க கடையில ஒரு தப்பு நடந்துபோச்சு" என்று ஆரம்பி. எங்க கடையில என்று சொல். மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அம்மா